பானையை உடைத்தது யார்?

யானைக்கவுனி டீக்கடையில் வைத்துத்தான் ஆபீஸ் நண்பர் அந்த முடிவைச் சொன்னார். ''டிபார்ட்மென்ட் பரீட்சைக்கு இந்தத் தடவை அப்ளை பண்ணலை ஸார். ரெண்டு தடவை ஊத்திக்கிச்சு. ப்ரமோஷன் நம்ம தலையில எழுதலை!''

கடைசித் தேதி மறுநாள்.

''வள்ளுவரே ஊழுக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கியிருக்காரே'' என்றார்.

''அது 38-வது. 62-வது முழுக்க முயற்சிதான். அதையும் படிங்க!''

அசரவில்லை. 1983-ல் பெஞ்சமின் லிபெட் செய்த சோதனைக்குத் தாவினார். விரலை அசைக்க நாம் நினைப்பதற்குச் சுமார் மூன்றில் ஒரு விநாடி முன்பே மூளையில் அதற்கான மின் அசைவு கிளம்பிவிடுகிறதாம். ''அப்புறம் நாம என்னத்தை முடிவு பண்றது?''

கடைசி நேரத்தில் 'வேண்டாம்' என்று தடுக்க அவகாசம் உண்டு என்று லிபெட்டே சொன்னார். அதுவும் போக, விரல் ஆட்டுவதும் விண்ணப்பம் போடுவதும் ஒன்றா?

பக்கத்திலேயே சௌகார்பேட்டை. ஜைனக் குடும்பங்கள் நிறைந்த பகுதி. அவர்களுடைய ஆகமத்தில் வரும் குயவர் கதை ஞாபகத்துக்கு வந்தது.

சத்தாலபுத்தன் என்ற அந்தக் குயவர் ஆசீவகர். நடப்பதெல்லாம் நியதி, முயற்சியால் ஒன்றும் ஆகாது என்பது ஆசீவகர் கட்சி. (நம்ம 'மணிமேகலை'யிலும் ஓர் ஆசீவகர் வந்து பேசுகிறார்.) வெயிலில் காய்கிற பானைகளைக் காட்டி மகாவீரர் கேட்டார்: ''இவை முயற்சியால் ஆனவையா?''

''இல்லை. எல்லாம் முன்பே நிர்ணயமானது.''

''ஒருவன் வந்து இவற்றைத் திருடினால், உடைத்தால்?''

''அடிப்பேன். கட்டிப்போடுவேன். கொன்றே விடுவேன்!''

''ஏன்? உடைத்தது அவனில்லையே... நியதிதானே?''

குயவர் மடங்கிவிட்டார்.

யோசித்தால், இதனால் விதி பொய்யாகிவிடவில்லை. 'என் கோபமும் நியதிதான்' என்று அவர் சாதித்திருக்கலாம். ஆனால் அடுத்தவன் செய்தால் குற்றம், நான் செய்யாமல் விட்டால் விதி என்று நாம் எழுதுகிற ரெட்டைக் கணக்கு இருக்கிறதே, அது கையும் களவுமாக மாட்டிக்கொண்டது. தத்துவத்தால் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு, என் வரையில் இந்த ஆடிட்டிங் வேலையைத்தான் காட்டுவேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு மீன்பாடி வண்டி உரசிப் போக, நண்பர் சட்டையில் டீ.

''யோவ்! கண்ணு தெரியலை?''

நான் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தேன். முறைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பையிலிருந்து நாலாக மடித்த விண்ணப்பத்தை எடுத்து, தொடையில் வைத்து நீவினார்.

''பேனா குடுங்க ஸார்.''

''டீக்குக் காசு?''

''அது உங்க தலையெழுத்து!''