மண்ணெண்ணெய்க் காலத்து அறிவும் பழைய பென்ஸும்

பழைய பென்ஸ் கார் ஒன்றை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், வாங்கிய மறுநாள் கையில் எவ்வளவு காசு மிஞ்சும் என்றுதான் நான் திருப்பிக் கேட்கிறேன். பலருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. விலைக்குக் காசு சேர்ந்துவிட்டது, பிறகென்ன என்பதுதான் அவர்களின் கணக்கு.

வடக்கில் இந்தக் கதை இப்போது அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடங்களில், பத்து வருடம் ஓடிய சின்ன ஜப்பான் கார்கள்கூட வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குக் கைமாறின. இறக்குமதி திறந்த பிறகும் வரியைச் சேர்த்துப் பார்த்தால் புதிய கார் சாதாரண குடும்பத்துக்கு எட்டாது. இந்த நிலையில் விளம்பரங்களைப் புரட்டுகிறவரின் கண்ணில், முப்பது வருடம் பழைய மெர்சிடிஸ் ஒன்று பாவித்த சின்னக் காரைவிட மலிவாகத் தட்டுப்படும். அகலமான இருக்கை, கனத்த கதவு, வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் படத்தைப் பார்த்து "வாங்கு, நாங்கள் காசு போடுறம்" என்று சொல்லக்கூடிய முகப்பு.

காரின் விலை வயதோடு இறங்கும். அதன் உதிரிப்பாகத்தின் விலை அப்படி இறங்காது. விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும், பல நேரம் அவர் விற்பதே அதனால்தான்.

என் அத்தான் கிளிநொச்சியில் இருக்கிறார். கலியாண ஓட்டத்துக்கு விடலாம் என்று பழைய பென்ஸ் ஒன்றைத் தேடினார். இவ்வளவு பழைய வாகனத்துக்கு லீசிங் எடுப்பது கஷ்டம். பிரான்ஸில் இருக்கும் தமையன் பாதிக் காசு அனுப்புவதாகச் சொன்னார். மிச்சத்துக்கு அக்காவின் நகை அடகுக்குப் போக வேண்டும். 2009இல் உடுத்த துணியோடு முகாமுக்குப் போய்த் திரும்பிய குடும்பம் அது. அந்த நகையெல்லாம் அதற்குப் பிறகு ஒவ்வொரு பவுணாகச் சேர்த்தவை. அதனால் கார் பார்க்கப் போகும்போது என்னையும், எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணை ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனார். மூன்று கார்கள் பார்த்தோம். மூன்றும் ஒரே மாதிரி: மெர்சிடிஸ் தனக்குள் டபிள்யூ 124 என்று அழைத்த கார். 1984 கடைசியில் அறிமுகமாகி, 90களின் நடுப்பகுதி வரை 25 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. ஜேர்மனியில் வாடகைக் காராக ஓடித் தேய்ந்த மாதிரியும் இதுதான்.

மெக்கானிக் அண்ணைக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்த தலைமுறை. போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில சொட்டைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த வெள்ளைப் புகையின் மணம் எனக்குச் சின்ன வயது நினைவாக இன்னும் இருக்கிறது. அது மந்திரம் அல்ல. ஏ40இன் 1,200 சிசி என்ஜினில் அமுக்க விகிதம் 7க்கு 1 என்ற அளவில்தான் இருந்தது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் பெற்றோலைவிட நன்றாகக் குறைவு. அமுக்கம் கூடிய என்ஜினில் அது முறைதவறி வெடித்துப் பிஸ்ரனை அடிக்கும், குறைந்த என்ஜின் ஓரளவு தாங்கும். எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வடிந்து ஓயிலைத் தண்ணியாக்கும். ஓயிலுக்கும் தட்டுப்பாடு. அப்படியிருந்தும் அந்தக் கார்களில்தான் நோயாளிகளும் பிள்ளைத்தாச்சிகளும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அந்தக் காலம் எங்களுக்கு ஒரு பழக்கத்தைத் தந்துவிட்டது. இல்லாத சாமானுக்கு வேறொன்றைப் போடு, வேலை செய்யாததைக் கழற்றிவிட்டு ஓடு. எங்கள் ஆட்கள் பெருமைப்படக்கூடிய அறிவு அது, எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் பழைய சொகுசுக் கார் ஒன்றை வாங்கிப் பிழைக்க நினைப்பவரை முதலில் கவிழ்ப்பதும் அந்தப் பழக்கம்தான். டபிள்யூ 124இன் பெற்றோல் என்ஜின்களில் அமுக்க விகிதம் பொதுவாக 9 அல்லது அதற்கு மேல். பெரும்பாலானவை எரிபொருளை ஊசி மூலம் அளந்து விசிறும். ஒட்டோ கியர், கதவுப் பூட்டு, டீசல் என்றால் என்ஜினை நிறுத்துவதுகூட, வெற்றிடக் குழாய்களோடு தொடுக்கப்பட்டவை. ஒன்றைத் துண்டித்தால் இன்னொன்று குழம்பும். அண்ணை சொன்னது இது: "அந்தக் கார்களை ஏமாத்தி ஓட வைக்கலாம் தம்பி. இதை ஏமாத்தேலாது. இண்டைக்கு ஓடும், நாளைக்கு ரெண்டு மடங்காக் கேக்கும்."

முதல் கார் அப்படி ஏமாற்றி ஓட்டப்பட்ட கார். டாஷ்போட்டுக்குக் கீழே வீட்டு லைற் சுவிச் போல ஒன்று தொங்கியது, ரேடியேற்றர் விசிறியைக் கையால் போட்டு நிறுத்துவதற்கு. என்ஜின் பத்து நிமிடம் ஓடியும் மேல்குழாய் தொடக்கத்திலிருந்தே ஒரே சீராகச் சூடேறியது. தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டார்கள் என்பதற்கு அது அடையாளம். இந்தக் கார்களின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒரு தரம் நன்றாகக் கொதித்தால் வளையும். கொதிக்கிற காரை விற்பதற்காகத்தான் இந்த வேலையெல்லாம் நடக்கிறது. பின்பக்கத்தில் 320 என்று எழுத்து ஒட்டியிருந்தது, ஆனால் அடிச்சட்ட இலக்கம் வேறு கதை சொன்னது. மெர்சிடிஸின் 17 இலக்க அடிச்சட்ட எண்ணில், டபிள்யூ, டி, பி என்ற எழுத்துகளுக்குப் பிறகு 124 வரும். அதற்கடுத்த மூன்று இலக்கங்கள் காரின் வகை. 021 என்றால் 200இ, 023 என்றால் 230இ, 120 என்றால் 200டி, 125 என்றால் 250டி. அந்தக் காரில் இருந்தது 021. பத்து ரூபா எழுத்தை யாரும் ஒட்டலாம், இரும்பில் அடித்த இலக்கத்தை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது.

எந்த வருடத்துக் கார் என்பதும் முக்கியம். 1993 முதல் 1995 வரை வந்த பெற்றோல் கார்கள் பலவற்றின் என்ஜின் வயர்க் கூட்டுக்கு, காலத்தோடு மக்கிப்போகும் வகை உறை போடப்பட்டிருந்தது. என்ஜின் சூட்டில் அது பொரித்த அப்பளம்போல உதிரும். உள்ளே செம்பு ஒன்றோடொன்று தொட்டால் கார் நடுங்கும், நிற்கும், கணினிப் பெட்டியும் போகலாம். உலகம் முழுக்க இந்தக் காரை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த குறை இது. வயரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். உறை வெடித்தால், அல்லது கறுப்பு ரேப் சுற்றியிருந்தால், புதிய கூட்டின் விலையை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். ரேப் சுற்றியவர் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் அவர் செய்தது பரிகாரம் அல்ல.

காரைக் காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். நீங்கள் போகமுன் விற்பவர் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஆறிய நிலையில் கியரை ரிவேர்ஸில் போட்டதும் ஓரிரு வினாடிகளில் கார் பிடிக்க வேண்டும். கனநேரம் யோசித்துவிட்டுத் திடீரென்று இடித்தால் உள்ளே உள்ள ரப்பர்கள் இறுகிவிட்டன. கதவைப் பூட்டும்போது பின்பக்கமிருந்து சின்ன மோட்டார் சத்தம் ஒன்று கேட்டு உடனே நிற்க வேண்டும். நிற்காமல் இரைந்துகொண்டிருந்தால் குழாய் எங்கோ காற்று விடுகிறது. டீசல் காரில் திறப்பை எடுத்த பிறகும் என்ஜின் ஓடினால் அதுவும் அதே நோய்தான். பிறகு மத்தியான வெயிலில் ஏசியைப் போட்டு, நிறுத்திய இடத்திலேயே இருபது நிமிடம் ஓட விடுங்கள். ஊசி 80க்கும் 100க்கும் இடையில் நின்றால் நல்லது. 110ஐ நோக்கி ஏறினால் எழும்பி வாருங்கள். ஏசி குளிரவில்லை என்றால் "காஸ் அடிச்சால் சரி" என்பார்கள். காஸ் சில கிழமையில் திரும்பவும் போனால், டாஷ்போட்டுக்குள் இருக்கும் குளிர்ப்பெட்டி கசிகிறது என்று பொருளாக இருக்கலாம். அதை மாற்ற டாஷ்போட் முழுவதையும் கழற்ற வேண்டும். பாகத்தைவிடக் கூலி கூட.

துருவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1989க்குப் பிந்திய கார்களில் கதவுக்குக் கீழே பிளாஸ்ரிக் பலகை இருக்கும், அதற்குப் பின்னால்தான் துரு ஒளிந்திருக்கும். ஜக் போடும் துளையின் மூடியைக் கழற்றி விரலால் தொட்டுப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் நின்ற கார் என்றால் பற்றறித் தட்டுக்குக் கீழேயும் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படலம் ரேடியேற்றருக்குள்ளும் படியும். குடாநாட்டில் ஓடிய பழைய காரில் சூட்டுப் பிரச்சினை இருந்தால், முதலில் நான் சந்தேகிப்பது வாளியால் ஊற்றிய கிணற்றுத் தண்ணீரைத்தான். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ரும் போட்டால் போதும், பெரிய செலவு இல்லை. ரேடியேற்றரின் மேல்குழாய் பொருந்தும் பிளாஸ்ரிக் கழுத்து பழசானால் முறியும், அது முறிந்தால் நடுவழியில் தண்ணீர் முழுவதும் போய்விடும். வெளுத்து வெடிப்பு விட்டிருந்தால் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

அத்தான் வாங்கியது மூன்றாவது கார், 1991ஆம் ஆண்டு 250டி. ஓட்டம் மெதுவானது, சத்தமும் கொஞ்சம் கூட. மின்சாரச் சிக்கல் குறைவு என்பதற்காக அதை எடுத்தோம். விலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமமான காசைத் தனியாக வங்கியில் போட வேண்டும் என்பது நான் வைத்த நிபந்தனை. அந்தக் காசு நகையிலிருந்து வரக்கூடாது. அதற்காக இரண்டு மாதம் காத்திருந்தார். முதல் எட்டு மாதத்தில் அதில் பாதிக்கு மேல் போய்விட்டது: என்ஜின் தாங்கும் ரப்பர்கள், முன் சில்லுகளின் பந்து மூட்டுகள், கியர்பெட்டிக்குப் பின்னால் உள்ள ரப்பர்த் தட்டு. முப்பது வருடத்தில் ரப்பர் செத்துத்தான் போகும், அதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பஞ்சிகாவத்தையில் பாவித்த பாகம் வாங்கலாம், ஆனால் ரப்பரையும் பிறேக் சாமானையும் பாவித்ததாக வாங்காதீர்கள். பழைய ரப்பரைக் கழற்றி இன்னொரு பழைய ரப்பரைப் போட்டால் கூலிதான் இரண்டு தரம் போகும். சந்தோஷமான செய்தியும் ஒன்று உண்டு: ரயர் அளவு 195/65, 15 அங்குலம். பிரியஸுக்குப் போடுகிற அதே அளவு, எந்தக் கடையிலும் இருக்கும்.

எரிபொருள் கணக்கைக் கடதாசியில் எழுதிப் பாருங்கள். பெற்றோல் கார் ஒட்டோ கியரில் ஊருக்குள் லீற்றருக்கு ஏழு எட்டுக் கிலோமீற்றர்தான் தரும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர், ஏ9இல் நிதானமாகப் போனாலும் 40 லீற்றர் வேண்டும். 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா விற்றது. இந்தக் காரின் 70 லீற்றர் தாங்கியை அன்று நிரப்பியிருந்தால் 32,900 ரூபா. அதற்குப் பிறகு கியூஆர் முறை வந்தபோது காருக்குத் தொடக்கத்தில் கிழமைக்கு 20 லீற்றர் தந்தார்கள், அதாவது ஊருக்குள் 150 கிலோமீற்றர் அளவு. அப்படியொரு காலம் திரும்ப வந்தால் கலியாண ஓட்டத்தை நம்பியவரின் அடகு வட்டி நிற்காது.

இரண்டாவது காரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லமுன் கடதாசிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கையில் "ஓப்பின் பேப்பர்" என்றொரு வழக்கம் இருக்கிறது. பதிவு உரிமையாளர் கைமாற்றப் படிவத்தில் கையெழுத்து வைப்பார், வாங்குபவரின் பெயர் இராது. கார் நாலு கை மாறும், பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறாது. வடக்கில் இது இன்னும் சிக்கல். முள்ளிவாய்க்கால் வரை கொண்டுபோன வாகனத்தோடு பதிவுப் புத்தகமும் போனவர்கள் உண்டு. பதிவு உரிமையாளர் கனடாவில் இருக்கலாம், இறந்தும் இருக்கலாம். ஆகவே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விபரம் எடுத்து, அடிச்சட்ட இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் நீங்களே காரில் பார்த்து ஒப்பிடுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, சொகுசு வரி நிலுவை உண்டா என்றும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, புத்தகத்தில் பெயர் உள்ளவரை நேரில் சந்தியுங்கள்.

இரண்டாவது கார் வடமராட்சியில் ஒரு வீட்டுக் கொட்டிலில் நின்றது. மூன்றிலும் அதுதான் திறமான கார். துரு இல்லை, வயர் வெடிக்கவில்லை, ரிவேர்ஸ் உடனே பிடித்தது. தம்பிக்காரன் விற்க நின்றார். புத்தகத்தில் இருந்தது தமையனின் பெயர், 2008இல் கொழும்பில் காணாமல் ஆக்கப்பட்டவர். சட்டப்படி உரிமையை மாற்ற வேண்டுமென்றால் மரணச் சான்றிதழோ, 2016இல் வந்த காணாமற்போனோருக்கான சான்றிதழோ எடுக்க வேண்டியிருக்கும். தாய் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. தம்பிக்காரன் ஓப்பின் பேப்பர் ஒன்று இருப்பதாகச் சொன்னார். கையெழுத்து யாருடையது என்று அண்ணை கேட்டார், பதில் வரவில்லை. தாய் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார், குடித்தோம். அத்தான் விலை கேட்கவில்லை.