கம்மல் செய்யக் கற்க எந்த வீடியோவைப் பார்ப்பது?

கம்மலும் பாசிமணி மாலையும் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும், எங்கே போவது என்று நம் அறக்கட்டளை அலுவலகத்தில் கேட்கும் சகோதரிகள் கூடிக்கொண்டே வருகிறார்கள். தையல் மெஷின் வைக்க இடமில்லாத வீட்டிலும் ஒரு தட்டை மடியில் வைத்துச் செய்யக்கூடிய வேலை இது. சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு வகுப்புக்குப் போக முடியாதவர்களுக்கு யூடியூபில் பாடங்கள் ஏராளமாக இருக்கின்றன, காசும் கேட்பதில்லை. ஆனால் அவற்றில் நிறைய, பார்க்க அழகாக இருக்குமே தவிர பார்த்துச் செய்ய உதவாது. வீட்டில் இதைத் தொழிலாகவே செய்துவரும் சில சகோதரிகளிடம் கேட்டும், அவர்கள் சொன்ன வீடியோக்களைப் பார்த்தும் இதை எழுதுகிறேன்.

ஒரு நிமிடத்தில் ஓடி முடியும் வீடியோவில் முத்து தானாகக் கம்பியில் ஏறும். கண்ணிமைப்பதற்குள் கொக்கியும் மாட்டியாகிவிடும். அது பாடம் அல்ல. பாடம் என்றால் தொடக்கத்திலேயே என்னென்ன பொருள், எத்தனை, எந்த அளவு என்று சொல்ல வேண்டும். அளவு சொல்லாத வீடியோவை அப்போதே மூடிவிடலாம். அடுத்து, முழுவதும் பார்த்து நேரத்தை வீணாக்காமல், கம்பியை வளைத்துக் கண்ணி போடும் இடத்துக்கு விரலால் நகர்த்திப் போய்ப் பாருங்கள். அந்த இடத்தில் கை மறைக்கிறதா, காட்சி வெட்டப்பட்டிருக்கிறதா? அப்படியானால் அதுவும் வேண்டாம். நல்ல ஆசிரியர் அங்கேதான் நிதானிப்பார். நகையின் பின்பக்கத்தையும், நூலை முடிச்சுப் போட்டு நுனியை மறைக்கும் விதத்தையும் காட்டுபவர் கிடைத்தால், அவருடைய வீடியோக்களையே தொடர்ந்து பாருங்கள். பத்துப் பேரிடம் ஒவ்வொன்றாகக் கற்பதைவிட ஒருவரிடம் பத்துப் பாடம் கற்பது கைக்கு நல்லது.

"அழகான கம்மல்" என்று தேடினால் அழகான கம்மல்தான் வரும், பாடம் வராது. செய்முறையின் பெயரைச் சொல்லித் தேட வேண்டும். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டத் தயங்குபவர்கள் தேடும் இடத்தில் உள்ள மைக்கைத் தொட்டு "சிம்பிள் லூப்", "ராப்டு லூப்", "ஓப்பன் ஜம்ப் ரிங்", "சில்க் த்ரெட் ஜிமிக்கி" என்று வாயால் சொன்னாலே போதும். தமிழில் கிடைக்காவிட்டால் இந்தி, தெலுங்கு, ஆங்கிலம் எதுவானாலும் பரவாயில்லை, கையைத்தானே பார்க்கிறோம். இசை ஓடுகிறதே என்று தயங்கும் வீடுகளில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் வசதி அமைப்புகளில் உண்டு. திரையின் இடப்பக்கம் இரண்டு முறை தட்டினால் 10 விநாடி பின்னால் போகும்.

முதலில் எதைக் கற்பது? ஜிமிக்கியும் குந்தனும் கண்ணைப் பறிக்கும். ஆனால் என் யோசனை, முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு முத்து தொங்கும் சாதாரணத் தொங்கட்டானை மட்டும் செய்து பழகுவது. ஏனென்றால் கம்மல் வகை அத்தனையிலும் திரும்பத் திரும்ப வருவது மூன்றே வேலைகள்தாம். முத்துக்கு மேல் கம்பியை மடக்கி, சுமார் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, உருண்டை மூக்குக் குறட்டால் சுருட்டிக் கண்ணி போடுவது ஒன்று. அதே கண்ணியைப் போட்டு, மீதிக் கம்பியைக் கழுத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குவது இரண்டாவது. இது இழுத்தாலும் திறக்காது, கனமான மணிகளுக்கு இதுதான். மூன்றாவது, ஜம்ப் ரிங் எனும் சிறு வளையத்தைத் திறந்து மூடுவது. பழகாதவர்கள் இரு முனையையும் பக்கவாட்டில் இழுத்து அகற்றிவிடுவார்கள். அப்புறம் அது வட்டமாகச் சேராது. பெருநாள் அன்று காதிலிருந்து கழன்று விழும். ஒரு முனையை நம் பக்கமும் மறுமுனையை எதிர்ப்பக்கமும் திருப்ப வேண்டும், கதவைத் திறப்பதுபோல. உருண்டை மூக்குக் குறடு ஒன்று, தட்டை மூக்குக் குறடு இரண்டு, ஒரு கட்டர், விலை குறைந்த கொஞ்சம் கம்பி. பழகுவதற்கு இவ்வளவு போதும். பெரிய பெட்டியாக 'கிட்' வாங்கிவிட வேண்டாம். அதில் பாதி தூசி படியும்.

பொருள் வாங்கும்போது அதிகம் குழப்புவது எண்கள். பொடிப்பாசியில் எண் கூடினால் பாசி சிறியது: 8 எண் சுமார் 3 மி.மீ., 11 எண் சுமார் 2 மி.மீ. இது தலைகீழாகத் தோன்றலாம். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பிலும் பித்தளைச் சல்லடைகளில் முத்தைச் சலித்துத் தரம் பிரிக்கும்போது, சல்லடையின் துளை எண்ணிக்கை கூடக் கூட அதில் நிற்கும் முத்து சிறியதாகத்தான் இருந்தது. அந்த வணிகத்தில் இருந்த கீழக்கரை, காயல்பட்டினம் முன்னோர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருந்திருக்காது. கம்பியிலும் அப்படியே, கேஜ் எண் கூடினால் கம்பி மெல்லியது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்கக் கேஜ் 20 என்பது சுமார் 0.8 மி.மீ.; பிரிட்டிஷ் கேஜ் 20 என்பது சுமார் 0.9 மி.மீ. வெளிநாட்டு வீடியோவில் கேட்ட எண்ணைச் சொல்லி இங்கே வாங்கினால் காதுத் துளைக்குள் நுழையாத கம்பி வந்து சேரலாம். ஆகவே கடையில் கேஜ் சொல்லாதீர்கள், காதுக் கொக்கிக்கு 0.8 மி.மீ. என்று கேளுங்கள்.

வீடியோக்கள் சொல்லாமல் விடுபவையும் சில இருக்கின்றன. பசை வைத்த பத்து விநாடியில் அவர்கள் நகையைத் தூக்கிக் காட்டுவார்கள். நாம் குறைந்தது ஒரு நாள் அசையாமல் வைக்க வேண்டும். ரெசின் ஊற்றிச் செய்யும் கம்மல் பார்க்கக் கண்ணாடிபோல இருக்கும். ஆனால் இறுகாத ரெசின் தோலைப் பாதிக்கக்கூடியது. கையுறையும் காற்றோட்டமும் வேண்டும். ஒற்றை அறை வீட்டில், தவழும் குழந்தை இருக்குமிடத்தில் அது வேண்டவே வேண்டாம். பாசியும் மூடிபோட்ட டப்பாவில் இருக்கட்டும், குழந்தை எடுத்து வாயில் போட்டுவிடும். காது அரிப்பும் புண்ணும் பெரும்பாலும் நிக்கல் கலந்த கொக்கியால் வருபவை. ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. ஒவ்வாமை உள்ளவருக்கு 92.5 வெள்ளிக் கொக்கி போட்டுக் கொடுத்து, அதற்கான விலையைச் சொல்லி வாங்குங்கள். விற்கும்போது கவரிங்கைக் கவரிங் என்றும் ஜெர்மன் சில்வரை ஜெர்மன் சில்வர் என்றும் சொல்வது நம் கடமை.

இனி, இதை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். "வீட்டிலிருந்தே பாசி கோர்த்துத் தாருங்கள், வாரம் இவ்வளவு சம்பாதிக்கலாம், பொருளுக்கு மட்டும் டெபாசிட் கட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் சுற்றுகின்றன. பணம் கட்டிய பிறகு பாசி வரும். ராப்பகலாகக் கோர்த்து அனுப்பினால் தரம் சரியில்லை, எண்ணிக்கை குறைகிறது என்று திருப்பிவிடுவார்கள். டெபாசிட் போனது போனதுதான். நம் பகுதியிலேயே இப்படி ஏமாந்து வந்து அழுத தாய்மார்கள் உண்டு. ஒருவர் கட்டியது மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்துவைத்த தொகை. வேலை கொடுப்பவர் கூலி தர வேண்டும். வேலை செய்பவரிடம் முதலில் பணம் வாங்குவது என்ன முறை? இலவசமாகக் கிடைக்கும் இதே பாடங்களை "ஆன்லைன் கோர்ஸ், சான்றிதழ் உண்டு" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்குபவர் கம்மலைத்தான் பார்ப்பார், சான்றிதழைப் பார்க்கமாட்டார். பணம் பறிபோய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு.

வருமானத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு ஜோடிக்குப் பொருள் செலவு 30 ரூபாய், செய்ய 40 நிமிடம், விற்பது 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு நிற்பது 30 ரூபாய். மணிக்கு 45 ரூபாய்தான் கூலி. கை பழகி அதே ஜோடி 20 நிமிடத்தில் முடிந்தால் மணிக்கு 90. அதனால் தொடக்கத்தில் புதுப்புது மாடல் தேடி ஓடுவதைவிட ஒரே மாடலை ஐம்பது ஜோடி செய்வது லாபம். படம் எடுத்து அனுப்ப முகம் காட்டத் தேவையில்லை. வெள்ளைத் தாளில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுத்தால் அளவும் புரிந்துவிடும்.

நேரில் கற்க விரும்புகிறவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. மாவட்டங்களில் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் நகை செய்யும் பயிற்சி குறுகிய கால வகுப்பாக, சாப்பாட்டோடு இலவசமாக நடக்கிறது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆதார், ரேஷன் அட்டை நகல்களோடு போய் அடுத்த வகுப்பு எப்போது என்று கேட்டுப் பெயர் பதிந்து வரலாம். தனியாகப் போகத் தயங்குபவர்கள் நம் அலுவலகத்தில் சொன்னால், நாலைந்து பேராகச் சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ். டெபாசிட் கேட்டு வந்த செய்தி எதுவானாலும், பணம் கட்டுவதற்கு முன் அசருக்குப் பிறகு கைபேசியோடு வந்து ஒருமுறை காட்டிவிட்டுப் போங்கள்.