ஒழித்தலும் ஒழிதலும்: அகத்தாய்வும் உளப்பகுப்பாய்வும்

தன்மேம்பாட்டுப் பயிற்சியும் உளப்பகுப்பாய்வும் ஒன்றே எனக் கருதுவோர் நம்மிடையே உளர். இரண்டும் உள்ளத்தை ஆராய்வன என்பது உண்மை. ஆயினும் அவை ஆராயும் முறை வேறு. அவ்வேறுபாட்டைத் தமிழ்ச் சொற்களின் வழியே விளக்குவது இவ்வுரையின் நோக்கம்.

வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டு வகுத்த உளப்பகுப்பாய்வுக்குக் கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் ஒரு சங்கம் நிறுவினார். இம்முறையில், மனத்தில் தோன்றுவன அனைத்தையும் நோயாளி தெரிந்தெடுக்காமல் கூறுவார், ஆய்வாளர் செவிமடுப்பார். ஒருவர் உள்ளத்தில் அவரே அறியாத பகுதி உண்டு என்பது இதன் அடிப்படை. அப்பகுதியை நாம் நனவிலி என்கிறோம். 'அறிவிலி' என்னும் சொல்லில் உள்ள எதிர்மறை 'இலி'யே இதிலும் நிற்கிறது.

கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, 1958இல் சென்னையில் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவர் வகுத்த அகத்தாய்வின் படிகள் ஐந்து: எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், 'நான் யார்?' என வினவுதல். எண்ணத்தின் காரணத்தைத் தேடும் முதற்படியில் இவர் பிராய்டுக்கு அண்மையில் நிற்கிறார். அடுத்த மூன்று படிகளில் வழி பிரிகிறது. சீரமைத்தல், தவிர்த்தல், ஒழித்தல் ஆகியவை பிறவினைகள். செய்பவரின் மனவுறுதியை வேண்டி நிற்பவை. உளப்பகுப்பாய்வோ தன்வினையை எதிர்நோக்குகிறது: மறைந்திருந்தது சொல்லாக வெளிப்படும்போது அதன் பிடி தளர்ந்து, கவலை ஒழியும்.

இவ்வேறுபாடு இலக்கணத்தோடு நிற்பதன்று. பால்மரத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த ஒருவர், சினம் தவிர்க்க விரும்பித் தம் சினத்துக்கு ஆளாவோரைப் பட்டியலிடுகிறார் எனக் கொள்வோம். மனைவி, மகன், அண்டை வீட்டார் ஆகியோர் அதில் இடம்பெறுவர். இளமையில் தம்மை அடித்த தந்தையின் பெயர் இடம்பெறாது. ஏனெனில் தந்தைமீது சினம் உண்டு என்பதை அவரே அறியார். எழுதிய பெயர்கள்மீது எழும் சினத்தை அவர் நாள்தோறும் தவிர்க்க முயல்கிறார்; எழுதாத பெயரின் சினமோ மீண்டும் எழுகிறது. 'எனக்கு மனவுறுதி இல்லை' எனத் தம்மையே அவர் நொந்துகொள்கிறார். இத்தகைய தன்னிகழ்ச்சி மேலும் ஒரு சுமையாகும்.

அகத்தாய்வைக் குறைகூறுவது என் கருத்தன்று. அறிந்த குறையைத் திருத்த அது தக்க துணை. அறியாததைக் கேட்க மற்றொரு செவி வேண்டும். பயிற்சி பலன் தராதபோது அதைத் தம் குற்றமாகக் கொள்ளாது, பயின்ற உளமருத்துவரையோ உளவியலாளரையோ நாடுதல் நன்று. ஒழிக்க இயலாதது ஒழியவும் கூடும்.