இசாவோ தகாஹாத்தா: போர் முடிந்த பின்னும் இறந்த பிள்ளைகளின் கதையைச் சொன்னவர்

பதுங்கு குழி என்றால் என்னவென்று எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜப்பானிய இயக்குநர் இசாவோ தகாஹாத்தாவின் புகழ்பெற்ற படத்தில், பெற்றோரற்ற இரண்டு பிள்ளைகள் கைவிடப்பட்ட பதுங்கு குழி ஒன்றில் குடியிருக்கிறார்கள். அவரைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது அந்தப் படம்தான்.

தகாஹாத்தா 1935 ஒக்டோபர் 29ஆம் திகதி பிறந்தவர். 1945 ஜூன் 29 அதிகாலை, அவர் வாழ்ந்த ஒகயாமா நகர்மீது அமெரிக்க விமானங்கள் எரிகுண்டுகளைக் கொட்டின. 1,700இற்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். ஒன்பது வயதான தகாஹாத்தா, வீட்டாரைப் பிரிந்து, இரவு உடையுடன் வெறுங்காலில் அக்காவோடு ஓடித் தப்பினார்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் கற்ற அவர், 1959இல் அசைவூட்டப் படங்களைத் தயாரிக்கும் தோயேய் நிறுவனத்தில் சேர்ந்தார். இத்துறையின் மேதைகளுள் ஒருவராகப் போற்றப்பட்டாலும் அவர் ஓவியர் அல்லர். காட்சிகளைச் சிந்தித்தவர் அவர், வரைந்தவர்கள் மற்றவர்கள். 1974இல் ‘ஹைடி’ தொலைக்காட்சித் தொடரை இயக்கினார். 1985இல் ஹயாவோ மியாசாகி முதலானோருடன் இணைந்து ஸ்டூடியோ ஜிப்லியைத் தொடங்கினார்.

1988இல் ‘மின்மினிகளின் கல்லறை’ வெளியானது. போர்க்காலத்தில் தன் தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்த எழுத்தாளர் அகியுகி நொசாகாவின் கதை அது. கோபே நகரில் விழுந்த குண்டு, செய்தா, செட்சுகோ என்ற அண்ணன் தங்கையின் தாயைக் கொல்கிறது. பிள்ளைகளைக் கொன்றது எது? தாயின் உடைகளை விற்று வாங்கிய அரிசியிலும் அவர்களுக்குக் கஞ்சியை மட்டும் ஊற்றும் உறவினர் வீடு. உணவு கேட்டபோது கைவிரித்த ஊர். உதவி கேட்டுத் திரும்பிப் போக மறுத்த சிறுவனின் வீம்பு. ஜப்பான் தன் சரணடைவை அறிவித்தது ஓகஸ்ட் 15இல். செய்தா ரயில் நிலையத்தில் பசியால் இறப்பது செப்டெம்பர் 21இல். அந்தத் திகதியோடுதான் படமே தொடங்குகிறது. போர் ஓய்ந்ததும் சாவு ஓய்ந்துவிடுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை.

இருந்தும், இதைப் போர் எதிர்ப்புப் படம் என்று அழைப்பதைத் தகாஹாத்தா ஏற்கவில்லை. பாதிக்கப்பட்டோரின் துயரைக் காட்டுவதால் மட்டும் அடுத்த போர் தடுக்கப்படாது என்பது அவர் வாதம். அத்தகைய துயரம் நேராமல் இருக்கவே போரிடுகிறோம் என்றுதானே ஆட்சியாளர்களும் சொல்வார்கள் என்று அவர் கேட்டார். எங்கள் கண்ணீரைப் பிறர் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கச் சொல்லும் அந்த எச்சரிக்கையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். அவர் அதைச் சொல்லிவிட்டு ஓயவுமில்லை. போரைக் கைவிடும் ஜப்பானிய அரசியலமைப்பின் 9ஆவது உறுப்புரையைக் காக்க முதுமையிலும் குரல் கொடுத்தார்.

அவரது கடைசிப் படமான ‘இளவரசி ககுயாவின் கதை’ 2013இல் வெளிவந்து ஒஸ்கார் பரிந்துரையும் பெற்றது. 2018 ஏப்ரல் 5ஆம் திகதி, 82ஆவது வயதில் காலமானார்.

‘மின்மினிகளின் கல்லறை’யின் இறுதியில், இறந்துபோன இரு பிள்ளைகளும் குன்றின்மேல் அமர்ந்து, விளக்கொளியில் மின்னும் இன்றைய நகரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நகரம் மீண்டும் கட்டப்பட்டுவிட்டது. அவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்.