61-வது நாள்: ஜாமீன் கிடைச்சும் வெளியே வர முடியாத ஒருத்தர்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சு நடை கொஞ்சம் திருத்தப்பட்டுள்ளது.)

இந்த வாரம் எங்க ஊர்லேர்ந்து பேசறேன். செஞ்சி. 2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த மராட்டியர் காலக் கோட்டைகள் மொத்தம் 12. அதுல மகாராஷ்டிராவுக்கு வெளிய இருக்கறது எங்க கோட்டை ஒண்ணுதான். ராஜகிரி ஏற வந்தீங்கன்னா, சக்கரகுளம் பக்கத்துல ஒரு பெரிய பாறை நிக்கும். அதுக்கு மேல வட்டமா ஒரு செங்கல் சுவர். கைதிகளைத் தள்ளி, பட்டினி போட்டுச் சாகவிட்ட கிணறுன்னு சொல்வாங்க. உண்மையோ கதையோ, சின்ன வயசுல எங்களைப் பயமுறுத்த அது போதுமா இருந்தது.

நான் கிரிமினல் வக்கீல். குற்றம் சாட்டப்பட்டவங்க தரப்பு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில யாராவது ஒரு பெரியப்பா கேட்பார்: “ஏம்ப்பா, திருடனுக்கெல்லாம் எப்படி மனசு வந்து வாதாடற?” சினிமாவுல பார்க்கற மாதிரி நான் தினமும் கையை நீட்டி முழங்கறேன்னு அவர் நினைக்கிறார். என் வேலையில பாதி, காலண்டர்ல நாள் எண்ணறதுதான். நம்ப மாட்டீங்க, நிஜம்.

எதுக்கு எண்ணணும்? ஒருத்தரைக் கைது பண்ணினா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். பயண நேரம் இதுல சேராது. இது அரசியல் சாசனத்தோட 22-வது பிரிவு. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் பண்ணினா ஜெயில். ஆனா போலீஸ் விசாரிச்சுக்கிட்டே இருக்க, ஆளை உள்ளேயே வெச்சிருக்க முடியாது. தூக்கு, ஆயுள், இல்லை பத்து வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை வரக்கூடிய குற்றம்னா 90 நாள். மத்ததுக்கு 60 நாள். அதுக்குள்ள குற்றப்பத்திரிகை வரலைன்னா, கைதி கேட்டா ஜாமீன் கொடுத்தே ஆகணும். கேஸ் எவ்வளவு பலமா இருக்குங்கற கேள்வியே கிடையாது. பழைய சட்டத்துல 167, 2024 ஜூலை 1-லேர்ந்து புது சட்டத்துல 187. நாங்க இதை டிஃபால்ட் பெயில்னு சொல்வோம்.

“கேட்டா” அப்படிங்கற சொல்லை விட்டுடாதீங்க. தானா கதவு திறக்காது. ஜூன் 3 ரிமாண்ட்னு வெச்சுக்குங்க. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ணணும்னு 2023-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அப்போ ஆகஸ்ட் 1 அறுபதாவது நாள். ஆகஸ்ட் 2 காலையில கோர்ட் திறக்கும்போது நான் மனுவோட நிக்கணும். எனக்கு முன்னாடி போலீஸ் குற்றப்பத்திரிகையைக் கொடுத்துட்டா அந்த உரிமை போச்சு. நான் தூங்கிட்டா ஒருத்தர் மாசக்கணக்குல உள்ளே.

2020 லாக்டவுன்ல இதுக்கே ஆபத்து வந்தது. மதுரை மாவட்டம் சமயநல்லூர்ல ஒரு திருட்டு வழக்கு. பிப்ரவரி 21-ல கைதானவர், 73 நாள் ஆகியும் குற்றப்பத்திரிகை வரலைன்னு ஜாமீன் கேட்டார். கொரோனாவால கோர்ட் கெடு எல்லாம் நீட்டிக்கப்பட்டிருக்கு, போலீஸுக்கும் அது பொருந்தும்னு மதுரைக் கிளை மறுத்தது. அதுக்கு மூணு நாள் முன்னாடிதான் அதே உயர் நீதிமன்றத்துல இன்னொரு நீதிபதி நேர் எதிரா சொல்லியிருந்தார். ஜூன் 19-ல உச்ச நீதிமன்றம் தெளிவா முடிச்சது: மனு போடற கெடு நீளலாம், ஒரு மனுஷனை அடைச்சு வைக்கற கெடு நீளாது. தீர்ப்பு வந்தப்போ அவர் கைதாகி கிட்டத்தட்ட 4 மாசம்.

சரி, 61-வது நாள் ஜெயிச்சாச்சு. கதை முடிஞ்சுதா? இல்லை. நான் பேச வந்ததே இதுக்கப்புறம் நடக்கறதைத்தான்.

என் கட்சிக்காரர் ஒருத்தர். அடையாளம் தெரியாம இருக்கச் சில விவரங்களை மாத்தியிருக்கேன், எந்த ஸ்டேஷன், எந்த கோர்ட்னும் சொல்லப் போறதில்லை. இருளர். செங்கல் சூளையில குடும்பத்தோட வேலை. வயல் கிணத்து மோட்டார் காணாமப் போன கேஸ்ல பிடிச்சாங்க. மூணு வருஷம் வரைக்கும்தான் தண்டனை. இந்த மாதிரி சின்ன கேஸ்ல எடுத்ததுமே கைது கூடாது, நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிடுங்கன்னு 2014-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா முகவரி இல்லாத ஆளுக்கு யார் நோட்டீஸ் கொடுப்பாங்க? உள்ளே போனதும், துப்பு கிடைக்காம கிடந்த ரெண்டு பழைய மோட்டார் கேஸும் அவர் தலையில ஏறிடுச்சு. ஆக மூணு கேஸ், மூணு ரிமாண்ட், மூணு விதமா நாள் எண்ணணும்.

மூணுலயும் ஜாமீன் வாங்கிட்டேன். உத்தரவு என்ன? கேஸுக்கு ரெண்டு ஜாமீன்தாரர், அதுல ஒருத்தர் ரத்த சம்பந்தம், வீட்டு வரி ரசீது காட்டணும். அவரோட ரத்த சம்பந்தம் மொத்தமும் ஏரிக்கரைப் புறம்போக்குல குடிசை போட்டிருக்கு. பட்டா கிடையாது. பட்டா இல்லாத குடிசைக்கு ஏது வரி ரசீது? அவர் தம்பி என் ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்து, “சார், ரேஷன் கார்டு இருக்கு, அது ஆகாதா?”ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்.

நானே ஜாமீன் நிக்கலாமேன்னு நீங்க கேட்கலாம். கூடாது. கட்சிக்காரருக்கு வக்கீல் ஜாமீன் நிக்கக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதி. கோர்ட் வாசல்ல காசுக்கு ஜாமீன் நிக்கற ஆளுங்களும் உண்டு. அந்தப் பக்கம் நான் போறதில்லை. மாட்டினா கட்சிக்காரருக்குத்தான் இன்னொரு கேஸ்.

இதுல இன்னொரு சிக்கல். டிஃபால்ட் பெயில் உத்தரவு கைக்கு வந்தாலும், கோர்ட் கொடுத்த கெடுவுக்குள்ள ஜாமீன்தாரரைக் கொண்டு வரலைன்னா, அதுக்குள்ள போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டா, அந்த உரிமையே அழிஞ்சுடும். 2001-ல வந்த தீர்ப்பு இது. பணம் இருக்கறவருக்கு அன்னிக்கு சாயந்திரமே வீடு. என் ஆளுக்கு மறுபடியும் ஓட்டப்பந்தயம்.

அப்போதான் சூளை முதலாளி போன் பண்ணினார். “நான் நிக்கறேன் வக்கீலே, என் ரசீது இருக்கு.” நல்ல மனசுதான்னு தோணும். ஆனா அந்தக் குடும்பம் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருக்கு. இதையும் வாங்கினா அந்தச் சூளையை விட்டு எந்தக் காலத்துல வெளிய போவாங்க? ஜெயில்ல மனு பார்க்கும்போது அவர்கிட்டயே கேட்டேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், “வேணாம் சார், இங்க சோறாவது போடறாங்க”ன்னார். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

அதனால வேற வழி தேடினோம். 1978-ல நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஒரு தீர்ப்பு கொடுத்தார். மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருத்தருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டாங்க. அண்ணன் தம்பி ஜாமீன் நிக்க வந்தா, சொத்து வேற மாவட்டத்துல இருக்குன்னு தள்ளிட்டாங்க. ஏழைக்கு எட்டாத ஜாமீன் ஜாமீனே இல்லைங்கற கருத்தை அவர் அங்க விரிவா எழுதினார். 2023 ஜனவரி 31-ல உச்ச நீதிமன்றம் இன்னும் நடைமுறையா சொன்னது: ஜாமீன் கிடைச்சு 7 நாள்ல ஆள் வெளிய வரலைன்னா ஜெயில் அதிகாரி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கணும். ஒரு மாசத்துல ஜாமீன்தாரர் கிடைக்கலைன்னா கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்தலாமான்னு பார்க்கலாம். 2024 ஆகஸ்ட்ல, 13 கேஸ்ல ஜாமீன் வாங்கிட்டு ஆள் கிடைக்காம உள்ள இருந்த ஒருத்தருக்கு, பல கேஸுக்கும் அதே ஜாமீன்தாரர்கள் போதும்னு சொன்னாங்க. அந்த பெஞ்ச்ல இருந்த நீதிபதி கே.வி. விஸ்வநாதன் நம்ம பொள்ளாச்சிக்காரர்.

இதையெல்லாம் காட்டி மனு போட்டேன். மாஜிஸ்திரேட் பொறுமையா படிச்சார். ரத்த சம்பந்தம் வேணாம், மூணு கேஸுக்கும் அதே ரெண்டு பேர் போதும்னு மாத்தினார். ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும், டீக்கடை வெச்சிருக்கற ஒரு அம்மாவும் வந்து கையெழுத்துப் போட்டாங்க. அந்த அம்மாவுக்கு அவரை முன்னப் பின்னத் தெரியாது. வாத்தியார் சொன்னார்னு வந்தாங்க. உத்தரவு கிடைச்ச நாள்லேர்ந்து அவர் வெளிய வர 19 நாள் ஆச்சு. கெடுவுக்கு ஒரு வாரம் கூடுதலா கேட்டு வாங்கியிருந்ததால தப்பிச்சோம்.

இப்போ தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷன்ல கண்டிஷன் கையெழுத்து. சூளை வேலை விடிகாலையில ஆரம்பிச்சுடும், அதனால பாதி நாள் கூலி போகுது. வாரத்துக்கு ஒருநாளா மாத்தச் சொல்லி மனு போட்டிருக்கேன், வர்ற செவ்வாய்க்கிழமை விசாரணை. கேஸ்ல சாட்சி விசாரணை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.