அச்சக் கதைகள் எதற்காக?



கம்பம் பள்ளத்தாக்கில் கதிரவன் மேற்கு மலைக்குப் பின்னே சாய்ந்ததும் இருள் விரைந்து சூழ்ந்துவிடும். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், மாணவன் ஒருவன் வாய்க்காலோரத்துப் புளியமரத்தைக் கடந்து வீடு செல்ல அஞ்சினான். அங்கே ஒரு பெண்ணின் ஆவி உலவுவதாக ஊரார் கூறுவர். "பேய் என்பது பொய், அஞ்சாதே" என்றேன். அவனோ, "ஐயா, அவள் எதனால் இறந்தாள்?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. அவளைக் கண்டு அஞ்சியவர் பலர். அவளுக்கு நேர்ந்ததை வினவியவன் அவன் ஒருவனே.

அந்த வினாவே அச்ச இலக்கியத்தின் திறவுகோல் ஆகும். மேனாட்டில் இதனைக் 'காதிக்' இலக்கியம் என்பர். ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கிலேயர் 1764-இல் வெளியிட்ட 'ஒட்ராண்டோ கோட்டை' என்னும் புதினமே இதற்குத் தோற்றுவாய். பாழடைந்த கோட்டை, இருண்ட வழி, இயற்கைக்கு மாறான நிகழ்ச்சி ஆகியவை இதன் புறக்கோலங்கள். முன்னோர் செய்த தீமை பின்னோரைத் தொடர்ந்து வருதலே இதன் அகப்பொருள். அக்கதையிலும் பாட்டன் வஞ்சித்துக் கவர்ந்த கோட்டையைப் பேரன் இழக்கிறான்.

இப்பொருள் தமிழுக்குப் புதியதன்று. பழையனூர் நீலியின் கதையை அறிவீர்கள். கணவனால் கொலையுண்டவள் பேயுருக் கொண்டு வந்து பழி தீர்த்தாள். அவனுக்குத் தீங்கு நேராது எனப் பிணை நின்ற எழுபது வேளாளரும் சொன்ன சொல் காக்கத் தீயில் புகுந்தனர். ஒருவன் செய்த குற்றம் ஓர் ஊரையே சூழ்ந்தது என்பதன்றோ இதன் கருத்து?

மணிமேகலையில் வரும் அச்சம் வேறு வகையானது. சுடுகாட்டை ஊர் என்று எண்ணிப் புகுந்த சார்ங்கலன் என்னும் சிறுவன், பேய் ஆடக் கண்டு அஞ்சி உயிர் விடுகிறான். மகனை மீட்டுத் தருமாறு தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்தை வேண்டுகிறாள். போன உயிர் மீளாது என்று தெய்வம் தெளிவிக்கிறது. இங்கே அச்சம் நிலையாமையை உணர்த்தும் ஆசானாகிறது.

நம் காலத்துக்கு அண்மையில், புதுமைப்பித்தன் 'காஞ்சனை' என்னும் சிறுகதையில் பேயை நடுத்தரக் குடும்பத்து வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். நிகழ்ந்தது பேயின் செயலா, மனத்தின் மயக்கமா என்பதை அவர் அறுதியிட்டுக் கூறவில்லை. நம் உள்ளமும் ஓர் இருண்ட கோட்டையே என்பதை அக்கதை காட்டுகிறது.

இனி, நம் கூடலூருக்கு மேலே நோக்குங்கள். மங்கலதேவி மலையில் சிதைந்த கற்கோயில் ஒன்று உண்டு. சித்திரைப் பௌர்ணமியன்று மக்கள் மலையேறிச் சென்று கண்ணகியை வழிபடுகின்றனர். அவளும் அநீதிக்கு ஆளாகிக் கணவனை இழந்தவளே. சினத்தால் மதுரையை எரித்தவளே. ஆயினும் நாம் அவளைப் பேய் என்று அஞ்சுவதில்லை. காரணம் யாது? அவள் வழக்குரைத்தாள், அரசன் கேட்டான், தன் பிழையை உணர்ந்து உயிர் துறந்தான். கேட்கப்பட்ட துயரம் தெய்வமாயிற்று; கேட்கப்படாத துயரமோ புளியமரத்தில் பேயாய் நிற்கிறது.

எனவே, மாணவர்களே, பேயை நம்ப வேண்டா; பேய்க்கதையை இகழவும் வேண்டா. அத்தகைய கதை ஒன்றைப் படிக்கும்போது, அல்லது பாட்டியிடம் கேட்கும்போது, அம்மாணவன் கேட்ட வினாவையே நீங்களும் கேளுங்கள்.