இழப்பீட்டு வழக்கில் பொய்யுரைத்தல்: சட்டம் சொல்வது என்ன?

சிங்கப்பூரின் கேலாங் வட்டார லோரோங்குகளில் (சந்துகளில்) தங்கியிருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுள், வேலையிடத்தில் கை முறிந்தோ முதுகு பிசகியோ வருமானம் இழந்து, சிறப்பு அனுமதிச் சீட்டும் மருத்துவச் சான்றிதழ்களும் அடங்கிய பிளாஸ்டிக் உறையைக் கையில் ஏந்தி, மாதக்கணக்கில் இழப்பீட்டுக்குக் காத்திருப்போர் என்றும் உண்டு. 2006-இல் தோன்றிய ஹெல்த்சர்வ் தொண்டு நிறுவனம் அங்கே மருந்தகம் நடத்தியதும் இத்தகையோரை முன்னிட்டே. இவர்களுடைய நியாயமான கோரிக்கைக்குப் பெருந்தீங்கு இழைப்பது, வேறொருவன் சொல்லும் பொய்யாகும்.

சிங்கப்பூரின் 2019-ஆம் ஆண்டு வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம், முதலாளியின் குற்றத்தை நிரூபிக்கும் பாரத்தை ஊழியர்மேல் சுமத்துவதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தது என்று காட்டினாலே போதும். 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து நேரும் விபத்துகளில் நிரந்தர ஊனத்துக்குரிய தொகை 346,000 வெள்ளிவரை செல்லலாம். இவ்வளவு எளிதாகத் திறக்கும் கதவு நம்பிக்கையைச் சார்ந்து நிற்பதால், நடவாத விபத்தை நடந்ததாகச் சொல்லிக் கோருவோருக்கு 15,000 வெள்ளிவரை அபராதமோ 12 மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

விஷயம் நீதிமன்றத்தை எட்டினால் தண்டனை இன்னும் கடுமையாகும். நீதி விசாரணையில் அறிந்தே பொய்ச்சாட்சி சொல்வோருக்குத் தண்டனைச் சட்டம் ஏழாண்டுவரை சிறை விதிக்கிறது. நீதி பரிபாலனத்துக்கு மனமறிந்து இடையூறு செய்வோரை, 2016-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றம் மூன்றாண்டுவரை சிறையிலிடவோ 100,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கவோ கூடும்.

மெய்யான காயத்தைப் பொய்யால் பெரிதாக்குவதற்கு இங்கிலாந்தில் நடந்த ஃபேர்கிளஃப் ஹோம்ஸ் வழக்கு நல்ல திருஷ்டாந்தம். 2003-இல் வேலையிடத்தில் மெய்யாகவே காயமுற்ற ஒருவர் எட்டு லட்சம் பவுனுக்கு மேல் கோரினார். ஆனால் மறைவாக எடுத்த படக்காட்சிகள் அவருடைய உடல்நிலையை வேறுவிதமாகக் காட்டின. அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 88,000 பவுன். முழு வழக்கையும் தள்ளும் அதிகாரம் தனக்கு உண்டெனினும் மிக அரிதாகவே அதைப் பயன்படுத்த வேண்டும் என்றும், பொய்யருக்கு அவமதிப்பு நடவடிக்கை முதலான வேறு தண்டனை வழிகள் உண்டென்றும் 2012-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பின்னர் அந்நாட்டின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம், அடிப்படையிலேயே நேர்மையற்ற வழக்காயின், பெரும் அநீதி நேராதவரை, உண்மையான காயத்துக்குரிய பகுதியையும் சேர்த்தே தள்ளும்படி விதித்தது.

ஆயினும் நிரூபிக்கப்படாத கோரிக்கை வேறு, பொய்க் கோரிக்கை வேறு. சாட்சி இல்லாமையாலோ, மொழி தெரியாமல் தேதி குழம்பியதாலோ தோற்றவன் பொய்யன் ஆகான். அவன் அறிந்தே பொய் சொன்னான் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டாலன்றித் தண்டனை கூடாது. இந்த எல்லைக்கோட்டை அதிகாரிகளும் காப்புறுதி நிறுவனங்களும் மறந்தால், சிறைக்கு அஞ்சி மெய்யாகவே அடிபட்டவனும் வாய் திறவான். ஆகையால் அடிபட்ட ஊழியர் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் தெரிவித்து, கண்டவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, மருத்துவரிடமும் மனிதவள அமைச்சிடமும் நடந்ததை நடந்தபடியே, கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வாராக. அவருக்குரிய தொகையைப் பெற்றுத் தர அதைவிட உறுதியான ஆதாரம் வேறில்லை.